ஓட மறுக்கும் பிள்ளை

'அடியாத மாடு படியாது' என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வழங்கும் பழமொழி. 'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேண்டும். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும்' என்பதும் அதே மக்களின் பழமொழிதான். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுத்து நிற்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட காலத்தில் முதலாவதை நம்பி நடந்தவருள் நானும் ஒருவன். அந்த நம்பிக்கை ஒரு சிறுவனிடத்தில் என்ன செய்தது என்பதைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்கவேண்டியவனாயிருக்கிறேன்.

1979ஆம் ஆண்டளவில், வடபகுதிக் கிராமப் பாடசாலையொன்றில் நான் புதிதாக நியமனம் பெற்றிருந்தேன். பாடங்களோடு தேகப்பயிற்சியும் என் பொறுப்பாயிற்று. ஐந்தாம் வகுப்பிலே ஒரு சிறுவன் இருந்தான். பேச்சு மிகக் குறைவு. பேசினாலும் நாம் சொன்னதையே திருப்பிச் சொல்வான். கணக்கில் மாத்திரம் வகுப்பில் எவரும் அவனுக்கு நிகரில்லை. நான் விசில் ஊதியவுடன் மற்றப் பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்க, அவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடியிற் குந்திவிடுவான். கிளித்தட்டுக்கு அழைத்தால் வரமாட்டான். ஓட்டத்துக்கு நிறுத்தினால் நிறுத்திய இடத்திலேயே நிற்பான். இது சோம்பல் என்று எண்ணினேன். பின்னர் பிடிவாதம் என்று எண்ணினேன். சோம்பலுக்கு மருந்து ஓட்டம், பிடிவாதத்துக்கு மருந்து பிரம்பு என்பது அக்காலத்து எங்கள் வைத்தியம். ஒருநாள் அவனுடைய கையைப் பற்றி இழுத்து மைதானத்தைச் சுற்றி ஓடவைத்தேன். அவன் அலறினான், தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். அடுத்த வாரம் அவன் பாடசாலைக்கு வரவில்லை. அதன்பின்னர் வரவேயில்லை.

சில மாதங்கள் சென்றன. ஒரு மாலைப்பொழுதிலே, பனங்கூடலின் நடுவே செல்லும் ஒழுங்கையொன்றாற் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு சிறுவன், பழைய சைக்கிள் வளையம் ஒன்றைத் தடியால் தட்டி உருட்டியபடி, அதன் பின்னே ஓடிவந்தான். அவன்தான். என்னை அவன் பார்க்கவில்லை. அவன் பார்வை முழுவதும் சுழலும் வளையத்திலேயே இருந்தது. என்னைக் கடந்து ஒழுங்கையின் கோடிவரை சென்று, திரும்பி, மீண்டும் என்னைக் கடந்து ஓடினான். என் வகுப்பில் அவனைப்போல் ஓடக்கூடிய பிள்ளை வேறு இருந்ததாக எனக்கு நினைவில்லை. படலையில் நின்ற அவன் தாய் சொன்னார்: "ஒவ்வொரு நாளும் இருட்டுமட்டும் இதுதான் வாத்தியார். அவன் ஓடாத பிள்ளையில்லை. உங்கட விசிலுக்குத்தான் பயம்." அவருடைய குரலிற் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அச்சிறுவனுக்கு அந்நாளில் எவரும் ஒரு பெயரைச் சூட்டவில்லை. பல ஆண்டுகளின் பின்னர் ஓட்டிசம் பற்றி அறிஞர் எழுதியவற்றைப் படிக்கத் தொடங்கியபோது, பக்கத்துக்குப் பக்கம் அவனே என் கண்முன் வந்து நின்றான். அவன் அவ்வகையைச் சேர்ந்தவனே என்று தீர்ப்புக் கூற நான் வைத்தியன் அல்லன். ஆயினும், அவனைப் போன்ற பிள்ளைகள் இன்றும் நம் வகுப்புக்களில் இருக்கிறார்கள். அவர்களை ஓடவைக்க முயலும் பெற்றாரும் ஆசிரியரும் இருக்கிறார்கள். அவர்கள் என் தவறைத் திரும்பச் செய்யாதிருத்தல் வேண்டும் என்பதே இதனை எழுதுவதன் நோக்கம்.

பெயரும் பொருளும்

'தான்' எனப் பொருள்படும் 'ஓட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது ஓட்டிசம் என்னும் பெயர். தமிழில் இதனை மதியிறுக்கம் என்பாரும் உளர். இறுகிக் கிடப்பது மதிதான் என்று எவரும் நிறுவவில்லையாதலின், நான் மூலப் பெயரையே ஆளுகிறேன். இது தொற்றும் நோயன்று, வளர்ப்பின் குற்றமுமன்று. மூளையின் வளர்ச்சியிலே இளமை தொட்டே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகுதல், மாற்றங்களை ஏற்றல், ஓசை, ஒளி, தீண்டல் முதலியவற்றை உணர்தல் ஆகியவற்றில் இவ்வேறுபாடு வெளிப்படும். சிலர் பேசவே மாட்டார். சிலர் நிறையப் பேசுவர். சிலருக்கு அறிவு வளர்ச்சியிலும் தடையுண்டு, சிலருக்கு இல்லை. ஒரு பிள்ளையைக் கண்டவர் ஒரு பிள்ளையைத்தான் கண்டார். எல்லாப் பிள்ளைகளையும் கண்டவராகார்.

இதனை முதன்முதலில் விரிவாக எழுதியவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய லியோ கன்னர் என்னும் வைத்தியர். 1943ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய கட்டுரை, எட்டுச் சிறுவரையும் மூன்று சிறுமியரையும் பற்றியது. அதிலே மூன்று செய்திகள் நமது பொருளுக்கு இன்றியமையாதன. உரத்த ஓசையும் அசையும் பொருள்களும் இப்பிள்ளைகளைப் பேரச்சத்துக்கு ஆளாக்கின என்பது ஒன்று. யாவும் இருந்தபடியே இருத்தல் வேண்டும் என்று அவர்கள் ஏங்கினர் என்பது மற்றொன்று. அவர்களுட் சிலர் விரல்களால் நுண்ணிய வேலைகளைத் திறம்படச் செய்தபோதிலும், நடையிலும் பேரசைவுகளிலும் தடுமாற்றமுடையவராயிருந்தனர் என்பது மூன்றாவது. சுழலும் பொருள்களைக் கண்டு தம்மை மறந்திருந்த பிள்ளைகளும் அக்கட்டுரையில் வருகிறார்கள். விசிலுக்கு அஞ்சிச் சில்லின் பின்னே ஓடிய சிறுவனை நான் காண்பதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே இவையெல்லாம் அச்சில் இருந்தன. நான் அறிந்திருக்கவில்லை.

இன்னொன்றையும் ஈண்டுச் சொல்லிவிடல் நன்று. தாயின் அன்பின்மையே இந்நிலைக்குக் காரணம் என்னும் கொடிய கருத்தொன்று மேனாட்டு வைத்தியரிடையே நெடுங்காலம் நிலவிற்று. ஓட்டிசமுடைய ஒரு மகனின் தந்தையும் உளநூலறிஞருமான பேர்னாட் றிம்லண்ட், 1964இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்து, காரணம் உடலமைப்பிலேயே தேடப்படவேண்டியது என வாதித்தார். இன்றைய அறிவியல் அவர் பக்கமே நிற்கிறது. எனினும், 'செல்லங் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்' என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பிள்ளை ஓட மறுத்தாலும் குற்றவாளிக் கூண்டில் ஏறுபவள் தாயே.

மறுப்புக்குள் இருக்கும் காரணம்

பிள்ளை 'மாட்டேன்' என்று சொல்லும்போது, அல்லது சொல்லாமற் குந்திக்கொள்ளும்போது, நாம் அவனுடைய குணத்தை ஆராயத் தொடங்கிவிடுகிறோம். ஆராயவேண்டியது அவனுடைய உடலையும், நாம் அவனை அழைக்கும் இடத்தையுமாகும்.

முதலாவது, உணர்ச்சிப் புலன்கள். நமக்குச் சாதாரணமான விசிலோசை சில பிள்ளைகளின் காதிற் கத்தியாய்ப் பாயும். புல்லின் தீண்டல், சப்பாத்தின் இறுக்கம், சட்டையின் பின்கழுத்திலுள்ள துணித்துண்டு, வெயில், வியர்வை ஆகிய ஒவ்வொன்றும் தாங்கவொண்ணாததாகலாம். புலனுணர்வில் உள்ள இம்மிகுதியும் குறைவும், அமெரிக்க உளவைத்தியர் சங்கம் 2013இல் வெளியிட்ட கைந்நூலில் ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. ஆகவே, 'சும்மா நடிக்கிறான்' என்பது அறியாமையின் பேச்சாகும்.

இரண்டாவது, உடலை ஆளும் திறன். ஓடுவது நமக்கு ஒரு செயல். அவனுக்கு அது பல செயல்களின் கோவை. எந்தக் காலை முதலில் எடுப்பது, கையை எங்கே வைப்பது, எப்போது நிற்பது என்று ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிச் செய்யவேண்டியவனுக்கு, பிறர் நகைப்பார்கள் என்ற அச்சமும் சேர்ந்தால், குந்திவிடுவதே அறிவுடைமையாகத் தோன்றும். டெலவெயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஞ்ஜனா பட் 2020இல் வெளியிட்ட ஆய்விலே, ஓட்டிசமுடைய பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெற்றார் தந்த விடைகள் தொகுக்கப்பட்டன. அப்பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பேர் அசைவுத்திறனில் இடர்ப்பாடு இருக்கக்கூடியவராகக் காணப்பட்டனர். நாம் 'விருப்பமின்மை' என்று கொண்டது பெரும்பாலும் 'இயலாமை'யாக இருந்திருக்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, விளையாட்டின் இயல்பு. கிளித்தட்டை எண்ணிப் பாருங்கள். மறிப்பவன் எப்பக்கம் பாய்வான் என்று அவன் கண்ணையும் தோளையும் பார்த்து ஊகித்து, கூட்டாளியின் சைகையையும் கவனித்து, ஒரு கணத்திலே கோட்டைத் தாண்டுதல் வேண்டும். பிறர் மனத்தை முகத்தில் வாசிப்பதே இடராயுள்ள ஒரு பிள்ளைக்கு, இஃது அறியாத மொழியிற் பரீட்சை எழுதுவதை ஒக்கும். வளையம் உருட்டுவதோ முற்றிலும் வேறு. தட்டினால் ஓடும், தட்டாவிடில் விழும். அது வஞ்சகமறியாது, விதியை நடுவில் மாற்றாது. அச்சிறுவன் கிளித்தட்டை விட்டு வளையத்தைத் தெரிந்துகொண்டது எத்துணை இயல்பானது!

நான்காவது, எப்போது முடியும் என்று அறியாமை. 'இன்னும் கொஞ்சம் ஓடு' என்கிறோம். கொஞ்சம் என்பது எவ்வளவு? ஒழுங்கையின் கோடி அவனுக்குத் தெரியும்; என் விசிலின் முடிவு அவனுக்குத் தெரியாது.

இவற்றோடு, நோவோ நோயோ இருந்து அதனைச் சொல்லத் தெரியாமையும் காரணமாகலாம். முன்பு ஓடியாடிய பிள்ளை திடீரென மறுத்தால், கண்டிப்பதன்முன் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

ஓடினால் என்ன நன்மை?

இத்துணை இடர் இருக்குமாயின், அவனை அவன் போக்கில் இருக்கவிட்டாலென்ன என்று சிலர் கேட்பர். இருக்கவிடலாகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், ஐந்து முதற் பதினேழு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது. இயலாமையுடைய பிள்ளைகளையும் அது விலக்கவில்லை. இருதயம், எலும்பு, உறக்கம் என்பன எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை. உறக்கமின்மையும் மனக்கலக்கமும் மிகுந்த பிள்ளைகளுக்கு அவை மேலும் வேண்டற்பாலன.

கேர்ன், கோகல், டன்லப் என்னும் மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1984இல் ஒரு சிறு சோதனையை வெளியிட்டனர். ஓட்டிசமுடைய சில பிள்ளைகளை ஒரு வேளை 15 நிமிடம் இடைவிடாது ஓடச்செய்தனர். மற்றொரு வேளை 15 நிமிடம் பந்து விளையாடச் செய்தனர். ஓட்டத்தின் பின்னர், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வழக்கம் ஒவ்வொரு முறையும் குறைந்தது. இலேசான பந்தாட்டத்தின் பின்னர் அத்தகைய மாற்றம் ஏற்படவில்லை எனலாம். ஆய்வுக்குட்பட்டோர் மிகச் சிலர். ஆதலின் அளவுக்கு மீறிய முடிவு கொள்ளலாகாது. கைகளை உதறுவதும் துள்ளுவதும் குற்றமென்று கருதுபவனும் நான் அல்லன். அவை அப்பிள்ளை தன்னைத் தான் ஆற்றிக்கொள்ளும் வழிகள். ஆனால், நன்றாக மூச்சு வாங்க உழைத்த உடல் அமைதி கொள்கிறது என்ற உண்மை அச்சோதனையில் தெரிகிறது. உடலுழைப்பால் ஓட்டிசம் நீங்கிவிடும் என்று விற்பனை செய்வோரை நம்பவேண்டாம். நீங்குவது ஓட்டிசமன்று, அந்நாளின் கலக்கம்.

கீழ்த்திசையில் ஒன்று, மேல்திசையில் ஒன்று

இத்தகைய பிள்ளைகளை அசையவைத்தோர் உலகில் உளரா? இருவரைச் சொல்வேன். ஒருவர் ஆசிரியை, மற்றவர் தந்தை.

யப்பானிலே, டோக்கியோவை அடுத்த முசாசினோ நகரில், கியோ கித்தகாரா என்னும் அம்மையார் 1964ஆம் ஆண்டில் ஒரு பாலர் பாடசாலையை நிறுவினார். பின்னர் அது பெருகி வளர்ந்தது. அங்கே ஓட்டிசமுடைய பிள்ளைகளும் ஏனைய பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ்க் கற்றனர். அவருடைய முறைக்கு 'அன்றாட வாழ்க்கைச் சிகிச்சை' என்று பெயர். நாள்தோறும் தீவிரமான உடலுழைப்பு, இசை, ஓவியம், ஒழுங்கான நேர அட்டவணை என்பன அதன் தூண்கள். 1987இல் அமெரிக்காவின் பொஸ்டனிலும் அம்முறையில் ஒரு பாடசாலை தொடங்கப்பட்டது. அங்குள்ள பிள்ளைகள் கூட்டமாக ஓடுகிறார்கள்; ஒற்றைச் சில்லுச் சைக்கிளைச் சமநிலை குலையாது ஓட்டவும் பழகுகிறார்கள். அதைப் படித்தபோது பனங்கூடல் ஒழுங்கையும் அந்த ஒற்றை வளையமுமே என் நினைவுக்கு வந்தன.

'இதுவும் கட்டாயந்தானே' என்று கேட்கலாம். கூட்ட ஒழுங்கில் ஒவ்வொரு பிள்ளையின் தனித்தன்மையும் மறைந்துவிடுமோ என்னும் ஐயம் எனக்கும் உண்டு. எனினும், அங்கே நான் காண்பது வேறொன்று. அதே நேரம், அதே இடம், அதே வரிசை. நாளைக்கு என்ன நடக்கும் என்று பிள்ளை இன்றே அறிவான். ஒழுங்கு வேறு, வற்புறுத்தல் வேறு. ஒழுங்கு பிள்ளைக்கு முன்னறிவு தருகிறது. வற்புறுத்தலோ அதனைப் பறிக்கிறது. அன்று மைதானத்தில் நான் கையைப் பற்றியபோது, அடுத்து என்ன நடக்கும் என்பது அச்சிறுவனுக்குத் தெரியாது.

மற்றவர் கலிபோர்ணியாவைச் சேர்ந்த இஸ்ரேல் பாஸ்கோவிட்ஸ். பலகையின்மீது நின்று கடலலையிற் சறுக்கும் விளையாட்டில் வல்லவர். அவருடைய மகன் ஐசாயாவுக்கு மூன்று வயதில் ஓட்டிசம் எனக் கண்டறியப்பட்டது. ஓசையும் கூட்டமும் அச்சிறுவனை நிலைகுலையச் செய்தன. தந்தை அவனைத் தம் பலகையில் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் சென்றார். அலையின்மீது பிள்ளை அமைதியடைவதைக் கண்டார். தாமும் மனைவியும் கண்ட அந்த நன்மை பிற பெற்றாருக்கும் கிட்டவேண்டுமென எண்ணி, 1990களில் ஓர் அறநிலையத்தை நிறுவினர். கடற்கரை முகாம்களில், தேர்ந்த வீரர் ஒருவர் ஒவ்வொரு பிள்ளையையும் தம் பலகையில் ஏற்றிச் செல்வது அதன் பணி.

இங்கே கவனிக்கற்பாலது அலையன்று. தந்தை மகனை நோக்கி 'போய் விளையாடு' என்று கரையில் நின்று கூவவில்லை. தாமும் பலகையில் ஏறினார். கித்தகாராவின் பாடசாலையிலும் பிள்ளை தனியே ஓடவில்லை. கூடவே ஓடுவோர் இருந்தனர். ஒழுங்காலே ஒருவர் வென்றார். தாம் நேசித்த கடலாலே மற்றவர் வென்றார். கூட நின்றமையே இருவர்க்கும் பொது. நான் விசிலுடன் நிழலில் நின்றேன் என்பதையும் இவ்விடத்தில் மறைக்காமற் சொல்லவேண்டும்.

தொடங்கும் வழி

வீட்டிலும் பாடசாலையிலும் செய்யத்தக்கவை சில உள. இவற்றுக்குப் பெரும் பணமோ கருவியோ வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும்.

பிள்ளை விரும்புவதிலிருந்து தொடங்குங்கள். புகைவண்டியில் ஆசையுள்ள பிள்ளையைக் 'கடவை மட்டும் போய் வண்டி பார்த்து வருவோம்' என்று நடத்திச் செல்லலாம். எண்களில் ஆசையுள்ளவன் படிகளை எண்ணி ஏறட்டும். சுழல்வதை விரும்புபவனுக்கு வளையமோ பனங்காய் வண்டிலோ கொடுங்கள். விருப்பத்தைப் 'பைத்தியம்' என்று பழித்துப் பறித்துவிட்டு, அதன்பின் அவனை அசைக்க முயல்வது, வண்டிலின் அச்சாணியைக் கழற்றிவிட்டு மாட்டை அடிப்பது போலாகும்.

தொடக்கத்தையும் முடிவையும் கண்ணாற் காணச்செய்யுங்கள். சொல் காற்றிற் போகும், படம் நிற்கும். வட கரோலினாவில் எரிக் ஷொப்லரும் அவர் துணைவரும் 1972 முதல் மாநிலமெங்கும் நடத்திய கல்வித்திட்டத்தின் சிறப்புக்களுள் இதுவும் ஒன்று: அடுத்து என்ன, எவ்வளவு, முடிந்தபின் என்ன என்பவற்றைப் படங்களாலும் பொருள்களாலும் பிள்ளைக்குக் காட்டுவது. நம் வீட்டில் இதற்கு ஒரு பேணியும் ஐந்து புளியங்கொட்டையும் போதும். முற்றத்தை ஒருமுறை சுற்றினால் ஒரு கொட்டை பேணிக்குள் விழும். ஐந்தும் விழுந்தால் முடிந்தது. முடிந்ததென்றால் முடிந்ததுதான், 'நன்றாக ஓடுகிறானே, இன்னும் இரண்டு சுற்று' என்று ஆசைப்பட்டுச் சொல்லைத் தவறினால், நாளைக்கு அவன் முதலாவது சுற்றும் ஓடமாட்டான்.

சிறிதாகத் தொடங்குங்கள். அறுபது நிமிடமும் ஒரேயடியாக வேண்டியதில்லை. முதல் வாரம் இரண்டு நிமிடம் போதும். அதே நேரத்தில், அதே இடத்தில், ஒவ்வொரு நாளும். பிள்ளைக்கு மனம் இருக்கும்போதே நிறுத்துங்கள். வெறுப்போடு முடிந்த பத்து நிமிடத்தினும் விருப்போடு முடிந்த இரண்டு நிமிடம் மேலானது.

பாரமான வேலை கொடுங்கள். கலிபோர்ணியாவைச் சேர்ந்த ஜீன் அயர்ஸ் என்னும் அம்மையார், உட்காதின் சமநிலை உணர்வும், தசையும் மூட்டும் தரும் உணர்வும் பிள்ளையின் கல்விக்கும் அமைதிக்கும் அடிப்படை என 1972இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். அவர் கருத்துக்கள் யாவும் ஐயமற நிறுவப்பட்டன அல்ல. ஆயினும், தள்ளுதல், இழுத்தல், சுமத்தல், ஊஞ்சலாடுதல் ஆகியவற்றாற் பல பிள்ளைகள் அமைதி பெறுவதைப் பெற்றார் நாள்தோறும் காண்கின்றனர். வாளி நீரைச் செடிகளுக்குக் கொண்டுபோய் ஊற்றுதல், முற்றம் கூட்டுதல், பாத்தி கொத்துதல் யாவும் உடற்பயிற்சியே. அவற்றிற் பயனும் உண்டு; பிள்ளை வீட்டுக்கு வேண்டியவனாகிறான் என்ற பெருமையும் உண்டு.

வாயாற் கட்டளையிடுவதைக் குறைத்து உடலாற் காட்டுங்கள். பக்கத்தில் நின்று நீங்களும் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஓர் அசைவு மட்டும் போதும். அவன் நோக்காவிட்டாலும் பார்க்கிறான் என்று நம்புங்கள். முன்னறிவிப்பின்றித் தொடாதீர்கள்.

நடை, நீச்சல், சைக்கிள், மரமேறல் போன்றவற்றிற் பிறரோடு போட்டியிடாமலே ஈடுபடலாம். குழு விளையாட்டு பின்னர் வந்தால் வரட்டும். ஆனால் நீரிடத்தில் விழிப்பு வேண்டும். இப்பிள்ளைகளுட் பலர் நீரால் ஈர்க்கப்படுவர், ஆபத்தை உணரார், சொல்லாமற் புறப்பட்டுச் செல்வதும் உண்டு. நீரில் மூழ்கும் அபாயம் இவர்களுக்கு மிகுதி. கட்டில்லாத கிணறும் குளமும் கடலும் சூழ்ந்த நம் ஊர்களிற் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே தீரவேண்டும். வலிப்பு நோயும் இவர்களிடையே ஏனையோரினும் அதிகமாதலால், நீச்சலுக்கும் ஏறுதலுக்கும் முன்னர் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.

ஆசிரிய நண்பர்களுக்கு

ஓட்டத்தைத் தண்டனையாக்காதீர்கள். 'வீட்டுப்பாடம் செய்யாதவன் மைதானத்தைச் சுற்றி ஓடு' என்று சொல்லும்போது, ஓட்டம் வெறுக்கத்தக்கது என்று வகுப்பு முழுவதுக்கும் நாமே கற்பிக்கிறோம். விசிலுக்குப் பதிலாக ஒரு கொடியை உயர்த்தினாற் காரியம் ஆகாதா? வெறுங்காலுடன் நிற்கமுடியாத பிள்ளை சப்பாத்துடன் நிற்கட்டும்; சப்பாத்துத் தாங்காதவன் மணலில் நடக்கட்டும். வரிசையின் நடுவில் நிற்க அஞ்சுபவன் ஓரத்தில் நிற்கட்டும். 'உனக்கு இயலாது, போய் வகுப்பிலிரு' என்று கருணையோடு ஒதுக்குவதும் ஒதுக்கலே என்பதை மறவாதீர்கள். இழுத்து ஓடவைத்தவனும் இருந்துவிடு என்றவனும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். இருவரும் பிள்ளையைக் கேட்கவில்லை.

'எல்லோருக்கும் ஒரே விதி இருந்தாற்றானே நீதி' என்று ஒரு நண்பர் என்னிடம் வாதித்தார். கண்ணாடி அணிந்த மாணவனிடம், மற்றவர் அணியவில்லையாதலாற் கழற்றிவிடு என்று அவர் சொல்லுவாரா என்று கேட்டேன். சற்றுநேரம் பேசாதிருந்தார். நானும் இந்த விடைக்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டவனாதலின் அவரை விரைவுபடுத்தவில்லை.

அச்சிறுவன் இப்போது எங்கிருக்கிறான் என்பதை நான் அறியேன். ஊர் கலைந்தது, அவர்கள் வீட்டாரும் இடம்பெயர்ந்தனர். அவனுக்கு இன்று ஐம்பது வயதைக் கடந்திருக்கும். அவனுடைய தாயிடம் அன்று படலையில் நான் ஒன்றும் சொல்லாமற் சைக்கிளில் ஏறிவிட்டேன். மறுநாள் வந்து, அவனோடு அந்த ஒழுங்கையில் ஒரு தரம் ஓடிப்பார்த்திருக்கலாம். அதன்பின் ஒருநாள் வளையத்தோடு அவனைப் பாடசாலை மைதானத்துக்கு அழைத்திருக்கலாம். விசிலை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். இவ்வளவும் அன்றைக்கே செய்யக்கூடியனவாயிருந்தன. இதற்கு எந்த ஆராய்ச்சி நூலும் தேவைப்பட்டிருக்காது. அவன் எதன் பின்னே ஓடுகிறான் என்று பார்த்திருந்தாற் போதும்.

உங்கள் வகுப்பிலும் வேப்பமரத்தடியிற் குந்தியிருக்கும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். நாளைக்கு அவனை எழுப்புமுன், மாலையில் அவன் வீட்டுப் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள்.